குழுவில் பேர் போட்டாயிற்று, இனி என்ன கேட்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய துறையில் எல்லாப் பின்னணியினருக்கும் இடம் கிடைக்க வழிபார்க்கும் ‘பன்முகத்தன்மைக் குழு’ என்று ஒன்று அமைத்து, மாணவர் சார்பில் இவர் பேரைச் சேர்த்துவிட்டார்களாம். துறையில் தமிழ் பேசுகிறவர் இவர் ஒருவர்தான். முதல் கூட்டத்துக்கு யோசனையோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். “சுவரொட்டி ஒட்டுவது, தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோவது தவிர உருப்படியாக என்ன சொல்லலாம்?” என்பது கேள்வி.

நான் வரலாறு கற்பித்தவன். மாணவர்களைச் சேர்க்கும் குழுவிலும் விரிவுரையாளர்களை நியமிக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: எந்த விதி, எந்த வழக்கம் ஆட்களை வெளியே நிறுத்துகிறது என்று தேடி, அதை மாற்றச் சொல்லுங்கள். மனமாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாதிரிக் குழுக்கள் முதலில் ஏற்பாடு செய்வது ஒரு பயிலரங்கு. அரை நாள், சிற்றுண்டியோடு. அதனால் பெரிய பலன் கிடையாது. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 800க்கு மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவுகளைப் பார்த்து, 2016இல் அதைப் பற்றி விளக்கமாக எழுதினார்கள். பன்முகத்தன்மைப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் மேலாளர்களிடையே சிறுபான்மையினரின் பங்கு பெரிதாகக் கூடவில்லை. சில பிரிவினரின் பங்கு குறைந்தேபோயிருந்தது. ஆள் தேடிப் போய்ச் சேர்ப்பது, புதியவருக்கு ஒரு மூத்தவரை வழிகாட்டியாகப் பொறுப்பாக்குவது, எண்களுக்குப் பதில் சொல்ல ஒருவரை வைப்பது போன்றவைதான் வேலை செய்தன.

விதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் 1979 முதல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான். அதற்கு மேல் எத்தனை பெண்கள் தகுதியோடு வந்தாலும் கிடையாது. பெண் மருத்துவர்கள் கல்யாணம், குழந்தை என்று ஆனதும் வேலையை விட்டுவிடுவார்கள் அல்லது பகுதிநேரத்துக்குப் போய்விடுவார்கள், அரசு செலவழித்த பணம் வீண் என்பது சொல்லப்பட்ட காரணம். இருபது ஆண்டுக்கு மேல் இது நீடித்து, 2003 மாணவர் சேர்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு முன்னால் யாரும் பெண்களுக்கு ‘மருத்துவத்தில் ஆர்வமூட்டும் முகாம்’ நடத்த வேண்டியிருக்கவில்லை. ஆர்வம் இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது. தடுத்த விதி போனதும் வந்து சேர்ந்தார்கள்.

“எல்லாரையும் சேர்த்தால் தரம் குறையாதா?” என்று உங்கள் கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். தகுதிக்கு முதலிடம் என்று சொல்லும் ஊர் இது, கேட்காமல் இருக்க மாட்டார்கள். அப்போது இந்த மருத்துவக் கதையைச் சொல்லுங்கள். அதிக மதிப்பெண் வாங்கிய பெண்ணை வெளியே நிறுத்திவிட்டுக் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஆணை உள்ளே எடுக்க வழிசெய்த விதி அது. தரம் குறைந்தது என்றால் அப்போதுதான் குறைந்தது.

உங்கள் துறைக்கு இப்படி எழுதிவைத்த விதி எதுவும் இருக்காது. எழுதாத வழக்கங்கள்தான் இருக்கும், அவற்றைத் தேட வேண்டும். தேடத் தொடங்குவதற்கு எண்கள் வேண்டும். முதல் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு அட்டவணை: இளநிலை முதலாண்டில் எத்தனை பேர், சிறப்புப் பட்டத்துக்கு எத்தனை பேர் தொடர்கிறார்கள், முதுநிலைக்கு எத்தனை, முனைவர் பட்டத்துக்கு எத்தனை, பாதியில் விட்டவர்கள் எத்தனை, கடைசியில் நிரந்தர வேலைக்கு வந்தவர்கள் எத்தனை. ஆண், பெண், இனம், எந்த வகைப் பள்ளியிலிருந்து வந்தவர், வீட்டில் முதல் பட்டதாரியா என்று பிரித்துக் கேளுங்கள். எந்தப் படியில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்று தெரியாமல் மருந்து எழுத முடியாது. முதலாண்டிலேயே வராதவர்களுக்கும் முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் விட்டுப்போகிறவர்களுக்கும் ஒரே சிகிச்சை பலிக்காது.

எண்களைக் கேட்கும்போது நம் ஊருக்கே உரிய ஒரு கோளாறு குறுக்கே வரும். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டம் போட்டு எண்ணிப் பழகிய நிர்வாகம், ‘இந்தியர்’ கட்டத்தில் நாலு பேரைக் காட்டித் திருப்திப்பட்டுக்கொள்ளும். அந்த நாலு பேரும் டெல்லியிலோ மும்பையிலோ பெரிய கல்லூரியில் படித்து, பிரிட்டனில் முனைவர் பட்டம் வாங்கி இங்கே வந்தவர்களாக இருக்கலாம். அவர்கள் வரக்கூடாது என்று சொல்லவில்லை, நல்ல ஆய்வாளர்கள் வரட்டும். ஆனால் ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து, அக்கம்பக்கப் பள்ளியில் படித்து, பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வந்த தமிழ்ப் பெண்ணுக்கு இடம் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. மலாய்க்காரர் கட்டத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம், சீனர் கட்டத்தையும் பார்க்கலாம். இந்த ஊரில் இனத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம் என்பார்கள். என் அனுபவத்தில் வர்க்கத்தைப் பற்றிப் பேசத்தான் அதைவிடக் கூச்சம்.

அடுத்தது மொழி. வரலாற்றுத் துறையில் இதுதான் பெரிய விஷயம், இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

சிங்கப்பூர் வரலாற்றை எழுத நினைக்கும் மாணவர் முதலில் எதைப் புரட்டுகிறார்? நீரிணைக் குடியேற்ற நாடுகளின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) பதிவேடுகள், காலனித்துவ அலுவலகக் கடிதங்கள், ஆங்கில நாளிதழ்கள். எல்லாம் ஒழுங்காக அட்டவணை இடப்பட்டவை, தேடினால் கிடைப்பவை. அந்தக் காகிதங்களில் தமிழர் எப்படி வருகிறார்? 1825 முதல் 1873 வரை இங்கே வைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகளாக, கூலிகளாக, வட்டிக்கடைக்காரர்களாக, நகராட்சி ஊழியர்களாக வருகிறார். அவரைப் பற்றி அதிகாரி எழுதியது இருக்கும், அவர் எழுதியது இருக்காது. ஆனால் 1887லேயே இங்கே சிங்கை நேசன் என்று தமிழ் வார இதழ் வந்தது, மகுதூம் சாயபு நடத்தினார். 1935இல் தமிழ் முரசைக் கோ. சாரங்கபாணி தொடங்கினார், இன்றுவரை வருகிறது. சங்கங்களின் ஆண்டறிக்கைகள், கோயில் கணக்குகள், நாடகத் துண்டறிக்கைகள் என்று வீட்டுப் பரண்களில் எவ்வளவோ இருக்கின்றன. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு பதிவுசெய்த தமிழ் நேர்காணல்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இவற்றை வைத்து எத்தனை ஆய்வேடுகள் வந்தன என்று உங்கள் துறைப் பட்டியலைப் பார்த்து நீங்களே எண்ணுங்கள்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தமிழ் மூலத்தைப் படிப்பதற்கு நேரம் ஆகும். பழைய அச்செழுத்தைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. லை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும், அதனால் சொல்லைத் தட்டித் தேட முடியாமல் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். ஆங்கில மூலத்தை மட்டும் வைத்து எழுதுகிற மாணவர் நான்கு ஆண்டில் முடிக்கும்போது தமிழோ மலாயோ, அரபெழுத்தில் எழுதிய மலாயான ஜாவியோ படித்து எழுதுகிறவர் ஐந்தாம் ஆண்டிலும் புரட்டிக்கொண்டிருப்பார். உதவித்தொகையோ நான்காம் ஆண்டோடு நிற்கும். இதுதான் நான் சொன்ன எழுதாத வழக்கம். யாரும் தமிழ் மூலத்தைத் தடை செய்யவில்லை. கால அட்டவணை அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆகவே குழுவில் கேளுங்கள்: ஆங்கிலம் அல்லாத கையெழுத்து, பழைய அச்சு மூலங்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுக்கு உதவித்தொகையை ஆறு மாதமோ ஓராண்டோ நீட்டிக்க முடியுமா? மொழிப் பயிற்சிக்கான செலவைத் துறை ஏற்குமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வரலாற்று முனைவர் மாணவர்களுக்கு ஃபிரெஞ்சு, ஜெர்மன் வாசிப்புத் தேர்வு வைத்து அதைத் தகுதியாகக் கணக்கில் எடுப்பது நெடுநாள் வழக்கம். நம்மிடம் தமிழும் மலாயும் சீனமும் வாசிப்பது ‘பிறந்த வீட்டுச் சொத்து’ என்று கணக்கிலேயே வராமல் போகிறது. அந்தச் சொத்தும் கரைந்துகொண்டிருக்கிறது. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர் 2010 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 37 விழுக்காடு, 2020இல் சுமார் 28 விழுக்காடு. இன்று ஓரளவு சரளமாகப் பழைய தமிழ் நாளிதழைப் படிக்கும் மாணவர் கிடைத்தால் அவரைத் தக்கவைக்கத் துறை போட்டி போட வேண்டும். பெரும்பாலும் அவரை வேறு யாருடைய ஆய்வுக்கோ மொழிபெயர்த்துக் கொடுக்கும் உதவியாளராக வைத்துக்கொள்வதோடு சரி.

மொழி ஒன்று பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு ஆள் திரட்டிப் போராட வேண்டியிருந்த கதை நம் ஊரிலேயே உண்டு. 1950களில், பல்கலைக்கழகம் இன்னும் புக்கிட் தீமாவில் மலாயாப் பல்கலைக்கழகமாக இருந்த காலத்தில், இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடமா தமிழுக்கா என்று பெரிய வாதம். மலாயாவில் வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர், அவர்களுடைய மொழியை ஓரமாக வைத்துவிட்டு என்ன இந்திய ஆய்வு என்று சாரங்கபாணி தமிழ் முரசில் விடாமல் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்கள் கொடுத்த சில்லறைக் காசு அதில் சேர்ந்தது, துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவியது. 1956இல் துறை பிறந்தது. பின்னர் அது கோலாலம்பூருக்குப் போனது, தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் அங்கே தலைமை ஏற்றார், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடும் கோலாலம்பூரில்தான் நடந்தது. அதே 1956இல் வகுப்புகள் தொடங்கிய சீன மொழிவழி நன்யாங் பல்கலைக்கழகத்துக்குச் சீன சமூகத்தில் டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிறவர்கள்கூட ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். இரண்டு கதையிலும் எனக்குப் பிடித்தது, அவர்கள் பல்கலைக்கழகத்திடம் ‘எங்களையும் மதியுங்கள்’ என்று மட்டும் கேட்கவில்லை. புத்தகம், நூலகம், ஆசிரியர் பதவி என்று எண்ணிப் பார்க்கக்கூடியதைக் கேட்டார்கள்.

மூலத்தைப் படிக்கும் ஆள் யார் என்பதற்கு ஒரு சம்பவம். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளமான கூடம், சுவரோரம் ஆளுக்கொரு பெட்டியடி, அதாவது பணப்பெட்டியோடு உட்காரும் இடம், அதுதான் அலுவலகம், படுக்கை எல்லாம். 1970களின் இறுதிவாக்கில் நகரச் சீரமைப்பில் அவை இடிபட்டன. அங்கிருந்து தப்பிவந்த ஒரு பேரேட்டின் படியை என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கொண்டுவந்தார். நல்ல தமிழ் தெரிந்தவர், ஆனால் பக்கத்தைப் பார்த்து விழித்தார். எண்கள் தமிழ் எண்கள். வட்டியில் மாகாணி, அரைக்கால் என்று பின்னம். பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று இன்றைய பள்ளிப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பேர் பாதி, குறி பாதி. இளவயதில் கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, வேலை பார்த்த ஒரு பெரியவரைத் தேங்க் ரோடு கோயில் வட்டாரத்தில் தேடிப் பிடித்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேப்பர் படிப்பது மாதிரி வாசித்தார். “இது மொத்தக் கணக்கைக் காட்டுற ஐந்தொகை இல்லை தம்பி, அதுக்கு முந்தின அன்றாடக் கணக்கு, சிட்டை. இங்க பாருங்க, இந்த ஆள் கட்டல, அதான் பேருக்குப் பக்கத்துல கோடு” என்று வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் எழுதிக்கொண்டோம்.

அந்த ஆய்வேட்டில் அவர் பேர் எங்கே வர வேண்டும்? வழக்கம் நன்றியுரையில் ஒரு வரி. அந்த மூலத்தின் பொருளையே அவர்தான் தந்தார். கட்டுரையாக வெளிவரும்போது இணை ஆசிரியராகப் போடுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. பேராசிரியர்கள் முகம் சுளிப்பதுதான் தடை. அது முடியாவிட்டால் ‘வாசிப்பும் விளக்கமும் இன்னார்’ என்று மூலப் பட்டியலிலேயே போடலாம், மணிக்கணக்குக்குக் கூலியும் கொடுக்கலாம். துறையின் ஆய்வு வரவுசெலவில் ‘சமூக அறிஞர்களுக்கான கட்டணம்’ என்று ஒரு தலைப்பு சேர்க்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம், ஆனால் சேர்த்த நாளிலிருந்து செயல்படும். வேலை அனுமதியில் இங்கே இருக்கும் தமிழகத் தொழிலாளர்களை நேர்காணல் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்தில் அவர்களிடம் இரண்டு மணிநேரம் பேச்சு வாங்கிவிட்டு, அவர்கள் படிக்க முடியாத ஆங்கிலத்தில் ஒப்புதல் படிவம் நீட்டுவது எந்த நெறிமுறையில் சேர்த்தி? படிவம் தமிழில் இருக்க வேண்டும். கட்டுரையின் சாரம் இரண்டு பக்கத் தமிழில் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

பேர் என்றதும் இன்னொன்று. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேர்தான். கலைச்செல்வி என்பவர் முருகேசனின் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ் படிவத்தில் குடும்பப் பேர்க் கட்டத்தை நிரப்பாமல் நகர முடியாது, அவர் அப்பா பேரைப் போடுகிறார். அதன்பின் உலகம் முழுக்க அவருடைய ஆய்வு ‘முருகேசன், 2021’ என்று மேற்கோள் காட்டப்படும். அடுத்த கட்டுரையில் வேறு இதழ் முதலெழுத்தை மாற்றிப்போட்டால் இரண்டும் வெவ்வேறு ஆட்கள் எழுதியதாகக் கணக்காகும். அடையாள அட்டையில் இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் s/o, d/o சாய்கோட்டோடு இருக்கும் பேரைப் பல வெளிநாட்டு இணையப் படிவங்கள் ஏற்பதே இல்லை. மலாய்க்காரர்களுக்கும் இதே தொல்லை. பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கை பார்க்கிற காலத்தில் இது வெறும் மனக்குறை இல்லை. 2012 முதல் ஆர்கிட் என்று ஆய்வாளர்களுக்கு ஒரு நிரந்தர எண் தருகிறார்கள், இலவசம். சேர்ந்த முதல் வாரமே எல்லா மாணவரும் அதை வாங்கத் துறை உதவ வேண்டும், எந்தப் பேரில் எழுதப்போகிறோம் என்று முதல் கட்டுரைக்கு முன்பே முடிவுசெய்யச் சொல்லித்தர வேண்டும். இதை எனக்குத் தெரிந்து யாரும் பாடத்திட்டத்தில் சொல்லித்தருவதில்லை.

கருத்தரங்கு நடத்தும் முறையும் பார்க்கத் தக்கது. 2018இல் வந்த ஓர் ஆய்வு, பத்து நாடுகளில் 35 கல்வி நிறுவனங்களில் ஏறக்குறைய 250 கருத்தரங்குகளை உட்கார்ந்து கவனித்தது. பெண்கள் கேட்ட கேள்விகள் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் இல்லை, குறைவு. முதல் கேள்வியை ஆண் கேட்டால் பெண்களின் கேள்விகள் இன்னும் குறைந்தன. அவர்கள் பார்த்தவை உயிரியல், உளவியல் மாதிரித் துறைகள், ஆனால் நம் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது. மாற்றுவதும் சுலபம். முதல் கேள்வி மாணவருக்கு என்று தலைவர் அறிவிக்கலாம். பேச்சு முடிந்ததும் ஐந்து நிமிடம் இடைவெளி விட்டால் தயங்குகிறவர் கேள்வியை எழுதிக்கொள்வார். நேரமும் அப்படித்தான்: மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கருத்தரங்குக்குக் குழந்தையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டிவர வேண்டிய தாய் வர மாட்டார். முடிந்தபின் பியர்க் கடையில்தான் உண்மையான பேச்சு நடக்கும் என்றால் குடிக்காதவர்களுக்கு அந்தப் பேச்சில் பங்கில்லை. சாப்பாடு ஹலாலாகவும் சைவமாகவும் இருந்தால் எல்லாரும் நிற்பார்கள். இதெல்லாம் சில்லறை என்று தோன்றலாம், ஆனால் யார் யாரை அடுத்த மாநாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்பது அந்தப் பந்தியில்தான் முடிவாகிறது.

பணத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஊதியமில்லாத காப்பகப் பயிற்சியை வசதியுள்ள பிள்ளைதான் எடுக்க முடியும். லண்டன் கியூவிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போகச் செலவை முதலில் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், வீட்டுக்கு மாதாமாதம் காசு கொடுக்கிற மாணவர் போக மாட்டார். முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

சரி, நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தமிழர் நடத்தும் ஆய்வரங்குகளுக்குப் போயிருப்பீர்கள். மேடையில் பொன்னாடை போர்த்திய ஆண்கள் வரிசையாக இருப்பார்கள். பெண்கள் குத்துவிளக்கு ஏற்றவும் நிகழ்ச்சி நெறிப்படுத்தவும் வருவார்கள். நாம் எழுதிய சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றிலும் வணிகர், தலைவர், பத்திரிகையாசிரியர், கோயில் அறங்காவலர் என்று வரிசை நீளும். செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்து, 1968இல் பிரிட்டன் படைகளை விலக்கிக்கொள்ளும் முடிவை அறிவித்தபின் வேலை போய் ஊர் திரும்பிய குடும்பங்கள் அதில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன? 1943இல் இங்கே அமைந்த, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தலைவி லட்சுமி சாமிநாதனை எல்லாருக்கும் தெரியும், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்களில் ஒருவர் பேராவது நமக்குத் தெரியுமா? சாதி இன்னொரு வாய்திறக்காத பகுதி. பெரியார் 1929இல் இங்கே வந்துபோனதும் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியதும் நமக்குப் பெருமை. அந்தச் சீர்திருத்தம் எதை எதிர்த்து வந்தது என்று, எந்தக் குடியிருப்பில் யார் யாருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்ற அளவுக்கு இறங்கி எழுதப் போனால் ‘இப்போது எதற்கு அதெல்லாம்’ என்பார்கள். துறையில் தமிழருக்கு இடம் கேட்கும்போது எந்தத் தமிழருக்கு என்ற கேள்வியை மற்றவர்கள் கேட்கும் முன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக உங்களைப் பற்றி. துறையில் ஒரே தமிழர் என்பதால் குழுவில் போட்டிருக்கிறார்கள். அடுத்து விளம்பரப் படத்துக்குக் கூப்பிடுவார்கள், பிறகு புதுமாணவர் வரவேற்பு, பள்ளி மாணவர் சந்திப்பு, அமைச்சர் வந்தால் வரிசையில் நிற்பது. மணத்துக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடும்போது ஒதுக்கும் கறிவேப்பிலையாக ஆகிவிடாதீர்கள். குழு வேலையைக் கற்பித்தல் உதவிக்கான மணிநேரத்தில் கழிக்க முடியுமா, அல்லது தனி ஊதியம் உண்டா என்று முதல் கூட்டத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள், எழுத்தில் கேட்டால் பதில் வந்தாக வேண்டும். உங்கள் நெறியாளருக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். எண் அட்டவணையைக் கேளுங்கள், யார் தருவார், எந்தத் தேதிக்குள் என்று குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கூடவே ஒரே ஒரு விதி மாற்றத்தை முன்வையுங்கள். என்னைக் கேட்டால் உதவித்தொகை நீட்டிப்பைத்தான் சொல்வேன். தமிழ் மாணவர், மலாய் மாணவர், சீன நாளிதழ்களைப் படிக்கிறவர், வியட்நாமிய மூலத்தைப் படிக்கிறவர் எல்லாருக்கும் பயன் என்பதால் அதற்கு ஆதரவு திரட்டுவது எளிது. மற்ற மாணவர்களிடம் முன்கூட்டியே பேசி, நீங்கள் சொன்னதும் வழிமொழிய இரண்டு பேரைத் தயாராக வைத்திருங்கள். ஒரு பருவம் முழுக்கப் போய், அட்டவணையும் வரவில்லை, விதியும் அசையவில்லை, பயிலரங்கு மட்டும் நடந்தது என்றால் விலகிவிடுங்கள். விலகல் கடிதத்தில் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று இரண்டு வரி எழுதினால் போதும். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு அது உதவும். நீங்கள் காப்பகத்துக்குப் போய் ஆய்வேட்டை முடிக்கிற வழியைப் பாருங்கள்.